யாகோ காய்க்கு அழுதவள்

ஒபுயா வளவுக்குள் நுழைந்து தோள்பையை இறக்கி வைப்பதற்குள், அடுப்பைச் சுற்றிச் சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தின.

"இடதுகால் பூட்ஸ் கதை வேணாம்! அதைத்தான் முந்தாநாளே சொல்லிட்டீங்களே!"

அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த வீட்டுக்கு அவர் வந்து இரண்டு மூன்று அறுவடைகள் கழிந்துவிட்டன. போன முறை வந்தபோது இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாய் முதுகில் தூங்கியவர்கள். பிள்ளைகளுக்கு நாளேது கிழமையேது என்று எண்ணிக்கொண்டு, பட்டாளத்துக் கோட்டின் பொத்தானைத் தளர்த்தி, அடுப்புக்கு எதிரே தனக்கென்று எப்போதும் போடப்படும் சாய்வு வைத்த சின்ன நாற்காலியைத் தேடினார். அது அங்கே இல்லை. தீ வெளிச்சம் எட்டாத மூலையில், சுவரைப் பார்த்தபடி கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது ஒரு வாசனை மூக்கில் ஏறியது. ஈரக் கம்பளியும் புளித்த மாவும் கலந்தாற்போல. நாற்காலியின் பலகை மழையில் கிடந்ததுபோல் ஊறியிருந்தது. ஊரில் மழை பெய்து பல வாரமாகிறது.

வீட்டுக்காரி களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னைக்காவது சாப்பிடுங்க. அன்னைக்கு வச்சது வச்சபடி இருந்துச்சு. நாய்க்குத்தான் யோகம்."

"என்னைக்கு? நான் எங்க வந்தேன்?"

"அய்யே! வந்துட்டு வரலைங்கிறாரு. பர்மாவுல மூளையை இறக்கி வச்சுட்டு வந்துட்டீங்களா?" அவள் குலுங்கிச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு மாதிரி நீங்க ஒருநாளும் கதை சொன்னதில்ல. கேட்டுக்கிட்டே பானையைக் கருக விட்டுட்டேன்னா பாத்துக்கோங்களேன்" என்றாள்.

ஒபுயா களித்தட்டைத் தள்ளி வைத்தார். பயம் அப்புறம் வந்தது. முதலில் வந்தது வயிற்றெரிச்சல். எவனோ ஒருவன் தன்னைப்போல் வேஷம் கட்டிக்கொண்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கதையைச் சொல்லிப் பேர் வாங்கிப் போயிருக்கிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி விட்டிருக்கிறான். இந்த வீட்டில் இதுவரை எவளும் ஒபுயாவின் கதைக்குப் பானையைக் கருக விட்டதில்லை.

"அவன் கிடக்கிறான். நான் சொல்றேன், கேளுங்க," என்று தொண்டையைச் செருமினார். பூட்ஸ் கதை அவருக்குத் தூக்கத்திலும் வரும். "மலைக்காடு. விடாத மழை. எங்க எல்லார் காலும் அழுகிக் கெடக்கு. மேல விமானம் வருது..."

அவ்வளவுதான். மேலே விமானம் வந்தது. அதிலிருந்து ஏதோ விழுந்தது. பூட்ஸ் என்று பெயர்தான் இருந்ததே தவிர, யார் முதலில் ஓடினார்கள், என்ன சொல்லிச் சிரித்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று, எதுவும் இல்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுவதுபோல அவர் துழாவினார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயைப் பார்த்துவிட்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டன.

ஒபுயாவுக்கு உலகத்தில் வேறெதுவும் சொந்தமில்லை. நிலத்தைத் தம்பி ஒகோலா உழுகிறான், மாடும் அவனிடம்தான். வெள்ளைக்கார ராஜாவின் படையில் சேர்ந்து கப்பலேறி, இலங்கையில் தென்னைமரம் பார்த்து, பர்மாக் காட்டில் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துத் திரும்பியவருக்கு மிஞ்சியவை கதைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு யாலா ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வீடாக அலைந்தார். கதைக்குக் களி, கதைக்குப் புகையிலை, கதைக்குப் படுக்க ஒரு மூலை. சொந்த வீட்டில் ஏன் தங்கவில்லை என்று யாராவது கேட்டால், "அங்க என்னைப் புதைச்சிருக்காங்க" என்பார். கேட்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். ஊரறிந்த விஷயம் அது.

போர்க்காலத்தில் ஒபுயா செத்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதே படைப்பிரிவில் அதே பெயரில் இன்னொருவன் இருந்தான், செத்தது அவன். உடல் வந்து சேராத சாவுக்கு யாகோ மரத்துக் காயைப் புதைப்பதுதான் அங்கே வழக்கம். கயிறுபோல நீண்ட காம்பில் தொங்கும் சாம்பல் நிறக் காய். கைக்குழந்தைக் கனம் இருக்கும். நல்லதாக ஒன்றை அறுத்து வந்து, கழுவி, துணி சுற்றி, ஒபுயாவின் பெயரை அதற்குச் சூட்டி வீட்டுக்குள் கிடத்தினார்கள். மனைவி அக்கேயோ தலையை மழித்துக்கொண்டு, அன்றிரவு முழுவதும் அதன் பக்கத்தில் படுத்து அதனோடு பேசினாள், அழுதாள். விடிந்ததும் வீட்டுக்கு வலப்பக்கம் குழியில் இறக்கினார்கள். அவள் அழுத அழுகையைப் பற்றி அந்தப் பக்கத்தில் இன்றும் பேச்சுண்டு.

உயிரோடு திரும்பி வந்த ஒபுயாவுக்கு அவள் அழவில்லை. சந்தோஷத்துக்குக்கூட அழவில்லை. செத்தவன் வாசல் வழியாக வரக்கூடாது என்பதால், பின்பக்கக் கள்ளிவேலியைப் பிரித்து அவரை உள்ளே விட்டார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். வழிப்போக்கனிடம் கேட்பதுபோல.

தம்பியின்மேல் பொறாமைப்பட்டிருந்தால் ஊர் புரிந்துகொண்டிருக்கும். அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பி ஏற்பது அங்கே முறை, அந்த முறைப்படி ஒகோலாதான் அண்ணிக்குத் துணையாக இருந்தான். அண்ணன் வந்ததும் முறைப்படியே விலகியும் போனான். ஒபுயா பொறாமைப்பட்டது காயின்மேல். தனக்கு வரவேண்டிய கண்ணீரையெல்லாம் ஒரு காய் குடித்துவிட்டதே என்று. பெரியவர்கள் சொன்னார்கள்: குழியைத் திறக்கவேண்டும், அக்கேயோ மறுபடி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கொடுத்த பெயரைக் கேட்டு வாங்கவேண்டும், பிறகு அதை ஆற்றில் விடவேண்டும். மறுபடி அவள் அதன் பக்கத்தில் உட்காருவாள் என்றதும் ஒபுயாவுக்குத் தலைக்கேறிவிட்டது.

"அழுகின காயோட எம்பொண்டாட்டி பேசுறதா? மண்ணு அதைத் தின்னு எத்தனை நாளாச்சோ! நான் ராஜாவோட படையில கார்ப்பரலா இருந்தவன்யா!"

"பேரு அதுகிட்ட இருக்குடா," என்றார் ஒரு பெரியவர். "ரெண்டு பேருக்கு ஒரு பேரு ஆகாது."

ஒபுயா கேட்கவில்லை. குழி மூடியே கிடந்தது. ஆனால் இரவில் விளக்கை அணைக்குமுன் அக்கேயோவின் கண் வலப்பக்கச் சுவரை ஒருமுறை தொட்டுவிட்டு வரும். அதை அவரால் தாங்கமுடியவில்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்தான். எப்போதாவது வருவார், விருந்தாளிபோலச் சாப்பிடுவார், போய்விடுவார். ஊரெல்லாம் கேட்ட கதைகளில் ஒன்றைக்கூட அவள் கேட்டதில்லை.

அவளுக்கென்று அவர் ஒரு கதை வைத்திருந்தார். யாருக்கும் சொல்லாதது. பர்மாவில், சிந்த்வின் ஆற்றங்கரையில், ஆஸ்பத்திரிக் கூடாரத்தில், காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்ட ஓர் இரவு, அக்கேயோ காதருகே படுத்துக்கொண்டு விடியவிடியப் பேசியது அவருக்குக் கேட்டது. செவலைப் பசு கன்று போட்டது. மாமியார் உப்பைப் பூட்டி வைத்துக்கொண்டது. பிறந்த அன்றே போய்விட்ட மகளுக்கு அவள் மட்டும் ரகசியமாக வைத்திருந்த பெயர். ஊருக்கு வந்து நாளைக் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் காயோடு படுத்திருந்த அதே இரவு. அவள் அழுதது தன்னிடம்தான். ஒரு சொல் விடாமல் தன் காதில் விழுந்தது. அவள் ஒரே ஒரு முறை "பர்மாவுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் போதும், அதைச் சொல்லிவிடலாம். பிறகு அவள் அழுவாள். இந்தமுறை ஆளைப் பார்த்து அழுவாள். கேட்கட்டும் என்று வீம்பாகக் காத்திருந்து தலை நரைத்துவிட்டது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவர் ஓவிதியின் வளவை அடைந்தார். மண்ணில் பாதி புதைத்த பீர்ப்பானையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து நீண்ட நாணல் குழல்களால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் இடம் விட்டார்கள். குழல் ஒன்றை மட்டும் யாரும் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்ததை அவர் கவனித்தார். அதன் வாய்ப்பக்கம் நார்நாராகக் கிழிந்து, ஏதோ பிசின் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வாங்க பர்மாக்காரரே, நேத்து விட்ட எடத்துலேருந்து சொல்லுங்க," என்றான் ஓவிதி. "சேத்துல விழுந்த கோவேறு கழுதை காதுல நீங்க என்னதான் சொன்னீங்க? ராத்திரி பூரா எங்களுக்குத் தூக்கமில்ல."

"கழுதையா?" என்றார் ஒபுயா.

சொல்லும்போதே அது போய்க்கொண்டிருந்தது. ஒரு பெரிய ஈரமான கண். சேறு. பாரம். பிறகு கண்ணும் இல்லை.

"கழுதையான்னு எங்களையே கேக்குறீரு! ஓவிதி, இவருக்கு இன்னும் ரெண்டு உறிஞ்சு குடு, கழுதை தானா எந்திரிச்சு வரும்," என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஒபுயா சிரிக்கவில்லை. "நேத்து வந்தவன் எப்படி இருந்தான்?"

ஓவிதி குழலை வாயிலிருந்து எடுத்தான். "இது என்ன கேள்வி? உங்களை மாதிரி இருந்தீங்க. இதே கோட்டு. இதே குரல். குளிர்க்காய்ச்சல், கிட்ட வராதீங்கன்னு சொல்லிட்டு அந்தா, அந்தக் குதிருக்குப் பின்னால இருட்டுல உக்காந்தீங்க. கையைப் பிடிச்சேன். மரப்பட்டை மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. வயசானா அப்படித்தான்னு நெனச்சேன்." அவன் ஒபுயாவின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. "போறப்ப நீங்க நடந்த மாதிரியே தெரியல. யாரோ உரலை உருட்டிட்டுப் போற சத்தம்தான் கேட்டுச்சு."

மற்றவர்கள் குழல்களைக் கீழே வைத்தார்கள். பானைக்குள் நுரை வெடிக்கும் சத்தம் கேட்டது.

"எங்க போறேன்னு சொன்னான்?"

"இன்னும் ஒரே ஒரு கதைதான் பாக்கி, அதை என் பொண்டாட்டிகிட்டதான் சொல்லணும்னீங்க." ஓவிதி கையை விட்டுவிட்டுத் தன் துணியில் துடைத்துக்கொண்டான். "வீட்டுக்குப் போறேன்னீங்க."

ஒபுயா பையைக்கூட எடுக்கவில்லை.

நடந்துகொண்டே அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பூட்ஸ் போகட்டும். கழுதை போகட்டும். ஆற்றுக்கு அக்கரையில் எதிரிச் சிப்பாய் ஒருவன் பாடிய கதை இருந்ததே, அது இருக்கிறதா என்று மனத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார், அதுவும் இல்லை. எந்த வீட்டில் எப்போது பறிபோயிற்றோ. அத்தனையும் போகட்டும், எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேர் வாங்கட்டும். அந்த ஒன்று மட்டும் அவன் வாயால் வரக்கூடாது. அக்கேயோ ஒருமுறை அவனுக்கு அழுதது போதும்.

சூரியன் இறங்கியதும் மேற்கே ஏரியின் பக்கமிருந்து மேகம் எழும்பி வானத்தை ஒரே மூச்சில் மூடிற்று. செம்மண் பாதையில் இருபுறமும் சோளத்தட்டை காய்ந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பெண் மாட்டைப் பெயர் சொல்லி அழைத்தாள். எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. அடுப்புப் புகையின் வாசனை தாழப் பரவி வந்தது. பிறகு அதற்கும் கீழே இன்னொரு வாசனை, ஈரக் கம்பளியும் புளித்த மாவும் கலந்தது, காற்றின் திசைக்குக் கட்டுப்படாமல் அவர் முகத்துக்கு நேரே நின்றது. அப்போதுதான் அது என்னவென்று அவருக்குப் புரிந்தது. யாகோப் பூவின் வாடை. இருட்டியபின் வௌவால்களை அழைக்க அது விடுகிற வாடை. சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு யாகோ மரம்கூட இல்லை.

கீழே பார்த்தார். பாதை நடுவே ஒரு தடம். காலடி இல்லை, சக்கரம் இல்லை. கனமான ஏதோ ஒன்றைப் புழுதியில் உருட்டியும் இழுத்தும் கொண்டுபோனது போல ஒரே ஒரு பள்ளம். அது அவர் போகும் வழியிலேயே போயிற்று. குறுக்குவழி வந்தபோது குறுக்குவழியில் திரும்பியது. அந்தக் குறுக்குவழி அவருக்கும் அக்கேயோவுக்கும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஆற்றுக்குப் போக இருவரும் மிதித்து உண்டாக்கியது.

அவர் வேகமாக நடந்தார். மனத்தில் மிச்சமிருந்த கதையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வதுபோல, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். "கூடாரம். காய்ச்சல். அக்கேயோ பேசுறா. செவலைப் பசு கன்னு போட்டுச்சுங்கிறா. அம்மா உப்பைப் பூட்டி வச்சுக்கிட்டாங்கிறா. மகளுக்கு வச்ச பேரு..." இருந்தது. பெயர் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

முன்னால், இருட்டில், யாரோ இருமினார்கள்.

அவருடைய இருமல். பர்மா மழையில் பிடித்தது, நெஞ்சுக்கடியிலிருந்து மூன்று அடுக்காக வருவது. அவர் நின்றார். சோளத்தட்டையும் உரசுவதை நிறுத்தியிருந்தது. பிறகு உருளும் சத்தம். மெதுவாக. அவசரமே இல்லாமல். அவர் நடந்தால் அதுவும். நின்றால் அதுவும்.

ஓடினார்.

முதல் மின்னல் வெட்டியபோது வளவு தெரிந்தது. வாசல் திறந்து கிடந்தது. பள்ளத் தடம் நேராக வாசல் வழியாகவே உள்ளே போயிருந்தது. அவர் வாசல்வரை போனார். கால் உள்ளே போகவில்லை. போரிலிருந்து திரும்பியபின் இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. பின்பக்கம் சுற்றி வந்து, கள்ளிவேலியின் பழைய இடைவெளியில் முழங்காலிட்டு நுழைந்தார். கள்ளிப்பால் கையில் பட்டு எரிந்தது. மழை சடசடவென்று விழத் தொடங்கியது.

வீட்டின் வலப்பக்கம் மேடு இல்லை. அங்கே ஒரு குழி. பக்கத்தில் மண்வெட்டி இல்லை. வெளியிலிருந்து யாரும் வெட்டவில்லை. மண் உள்ளிருந்து மேலே தள்ளப்பட்டு, விளிம்பைச் சுற்றிப் பூப்போல மலர்ந்து கிடந்தது.

வீட்டுக்குள் விளக்கு. பிள்ளைகளின் சிரிப்பு, ஒகோலாவின் பிள்ளைகள். பிறகு ஒரு குரல்.

தன் குரலை மனிதன் வெளியிலிருந்து கேட்பதில்லை. ஒபுயா கேட்டார். அதைவிடவும் அவரைக் கொன்றது ஒன்றுண்டு: அது நன்றாக இருந்தது. அவர் அவசரப்படுகிற இடத்தில் அது நின்றது. அவர் கத்துகிற இடத்தில் அது தாழ்ந்தது. வயிறு பற்றி எரிய, மண்சுவரில் விரிசல் விட்டிருந்த இடத்தில் கண்ணை வைத்தார்.

அவருடைய நாற்காலி. அவருடைய கோட்டு. முதுகு இந்தப் பக்கம். கோட்டின் காலருக்கு மேலே, பிடரியிலிருந்து மணிக்கட்டுக் கனத்தில் ஒரு காம்பு எழுந்து கூரை இருட்டுக்குள் போயிற்று. குரல் வரும்போதெல்லாம் அந்தக் காம்பு லேசாக ஆடியது. பிள்ளைகள் யாரும் அதைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரே பாயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, அக்கேயோ.

"பர்மாவுல என்ன நடந்துச்சு?" என்று அவள் கேட்டாள். "என்கிட்ட மட்டும் நீங்க எதையுமே சொல்லலியே."

கேட்டுவிட்டாள். அவனிடம்.

"நீ கேக்கட்டும்னுதான் இருந்தேன்," என்றது குரல். "ஒரு ராத்திரி. மழை. எனக்குக் காய்ச்சல்."

வேண்டாம் என்று ஒபுயா கத்த வாயைத் திறந்தார். கூடாரம் போயிற்று. கூடாரத்துணியில் மழை விழுந்த சத்தம் போயிற்று.

"நீ என் காதுகிட்ட படுத்திருந்தே. செவலைப் பசு கன்னு போட்டதைச் சொன்னே."

பசு போயிற்று. நிறம் முதலில். பிறகு பசு.

"அம்மா உப்பைப் பூட்டினதைச் சொன்னே. அழுதுக்கிட்டே சிரிச்சே."

அக்கேயோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யார் சொன்னது உங்களுக்கு? அன்னைக்கு அந்த வீட்டுல என்னையும் அதையும் தவிர..."

"யாரும் சொல்லல. நான்தான் கேட்டுக்கிட்டு இருந்தேனே."

மகளின் பெயரை ஒபுயா பல்லிடுக்கில் கடித்துப் பிடித்தார். அதை விடமாட்டேன். அதை மட்டும். உள்ளே குரல் அந்தப் பெயரை மெதுவாக, ஒரு குழந்தையைத் தூக்கிக் கொடுப்பதுபோல, அவளிடம் சொன்னது. ஒபுயாவின் வாய் வெறும் வாயாயிற்று.

அக்கேயோ அழுதாள். ஊர் பேசிய அந்த அழுகை. நெஞ்சு பிளந்து, வெட்கமில்லாமல், உடம்பு முழுக்க ஆட அழுதாள். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் ஏங்கிய அழுகை சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவன் மடியில் கொட்டியது. ஒபுயா சுவரை அடித்தார். அடித்ததாக நினைத்தார். கை எழவில்லை. தோள்தான் சரிந்து சுவரில் மோதியது, தொப்பென்று.

குரல் நின்றது.

"வெளியில யாரோ இருக்காங்க," என்றாள் அக்கேயோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"யாருமில்ல. யாகோக் காய் விழுந்திருக்கும்."

"நம்ம வளவுல யாகோ மரம் ஏது பெரியப்பா?" என்றது ஒரு பிள்ளை. மற்றவை சிரித்தன.

கதவு திறந்தது. கையில் விளக்கோடு ஒரு பெண் வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். அழகாக இருந்தது. அவளை எங்கோ பார்த்ததுபோல இருந்தது. அவளிடம் எதையோ சொல்லவேண்டும். பெயரைச் சொல்லவேண்டும். யார் பெயரை? விளக்கைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணோடு கண் பார்த்தாள். பயப்படவில்லை. கையை நீட்டி அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆமா, காய்தான்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "எம்மாம் பெருசு! இன்னும் சூடா இருக்கு."

"காலைல பாத்துக்கலாம். குழிதான் திறந்து கெடக்கே. நீ வா. மழையில நனையாத."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே அவள் மறுபடி அழத் தொடங்கினாள்.

அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. உள்ளே இருப்பவன் யாரென்றும் தெரியவில்லை. வயிறு மட்டும் எரிந்தது. ஏன் எரிகிறது என்று தெரியாமல் எரிந்தது. மழைநீர் நெற்றியிலிருந்து வழிந்து எங்கேயும் தங்காமல், எந்தப் பள்ளத்திலும் நுழையாமல், வழவழவென்று கீழே இறங்கியது. இமைக்க முடியவில்லை. விரிசலுக்கு நேரே அசையாமல் கிடந்தார்.

உள்ளே நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கோட்டின் காலருக்கு மேலே முகம் இல்லை. சாம்பல் நிறத் தோல். அதன் நடுவில் ஒரு வாய். உதடும், ஓரத்தில் உடைந்த பல்லும், பல்லில் புகையிலைக் கறையும் உள்ள, வயதான மனிதனின் வாய். அது அவரை நோக்கியபடி கதை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் அந்த வாயின் ஓரத்தை மெல்லத் துடைத்துவிட்டாள்.